கழுவிக் கவிழ்த்த குடம்

இதை எழுதலாமா என்று முதலில் அக்காவிடம்தான் கேட்டேன். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை. போனில் கோழியை விரட்டும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"எழுதிக்கோ. எங்க ஊர்ல யார்டி புஸ்தகம் படிக்கிறாங்க. ஆனா என் பேரு போடாத. ஊரு பேரு போடாத. உன் பேரும் போடாத, உன்ன வெச்சி என்னக் கண்டுபுடிச்சிருவாங்க."

அதனால் இதில் யார் பெயரும் கிடையாது. திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில் இருக்கிறோம் என்பது வரை சொல்லலாம். இங்கே என்னைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

நான் பிறந்தது புதுவாயலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு காலனியில். மாதா கோயில் தெரு. என் அப்பா சிறு வயதில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வந்த பிறகு இரும்புக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போனார். என்னை பி.காம். படிக்க வைத்தார். நானும் அதே சிப்காட்டில் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் சேர்ந்தேன். அங்கே ஸ்டோர்ஸில் இருந்தவர்தான் என் கணவர். அவர்கள் திருவள்ளூர்ப் பக்கத்தில் சொந்தமாக நெல் போடும் குடும்பம். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டோம். அவர் ஊரிலிருந்து யாரும் வரவில்லை. என் பக்கத்திலிருந்து வந்தவர்களும் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

மகள் பிறந்த பிறகுதான் அந்த வீட்டிலிருந்து முதல் ஆளாக அக்கா வந்தார். ஒரு மூட்டை அரிசியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல். குழந்தையைத் தூக்கி மூக்கைப் பார்த்தார். "எங்க மாமனார் மூக்கு. வேற எங்க போவும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இருபது வருடத்துக்கு மேல் தொங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். என்னை அவர்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் மகளை அந்த வீட்டுப் பெண் என்று அவர்கள் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அடுத்த ஆடியில் எங்களைக் கூழ் வார்க்கக் கூப்பிட்டார் அக்கா.

எங்கள் பக்கத்தில் ஆடி ஞாயிறு என்றால் கூழ். முதல் நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் நொய்யரிசியை வேகவைத்து, மாவைக் கொட்டி, கை ஓயும் வரை துடுப்பால் கிளற வேண்டும். ஆறிய பிறகு மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து, குடத்தில் ஊற்றி, வேப்பிலை சொருகி, வீட்டுக்கு வீடு பெண்கள் தலையில் தூக்கிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போவார்கள். அங்கே பெரிய அண்டா இருக்கும். எல்லா வீட்டுக் கூழும் அந்த ஒரே அண்டாவில் கலக்கும். கலந்த பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று யாராலும் சொல்ல முடியாது. அதை மொண்டு மொண்டு ஊருக்கே ஊற்றுவார்கள்.

நான் ஆடிக்குக் கூழ் எடுத்துப் போகப் போகிறேன் என்று சொன்னபோது என் அப்பா சிரித்தார். "நாங்க கடசி வரிசைல சொம்பு நீட்டி வாங்கிக் குடிச்சோம். நீ ஊத்தப் போறியா? போ, போ. பாத்து ஊத்து" என்றார். கிண்டலா, பெருமையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

முதல் வருடம் புது எவர்சில்வர் குடம் வாங்கினேன். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு, அப்படியே மூன்று பேரும் கிளம்பினோம். அக்கா எங்களைத் தெருவாசலில் நிற்க விடாமல் தோட்டத்துப் பக்கமாக அழைத்துப் போனார். என் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டார்.

"குடு, நான் பாத்துக்குறேன். உனுக்குத் தலைல தூக்கிக்கினு நடந்து பழக்கமில்ல. நீ உள்ள போய்க் கருவாட்டக் கழுவு."

அடுப்படியில் உட்கார்ந்து கருவாடு கழுவினேன். வெளியே பம்பை அடித்தார்கள். சற்று நேரத்தில் என் குடம் கழுவிக் கவிழ்த்து, அடுப்படி வாசலில் இருந்தது. என் வீட்டுக் கூழ் அண்டாவில் விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கருவாட்டு வாசனையோடு உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதற்குப் பிறகு எல்லா வருடமும் அப்படித்தான் நடந்தது. நான் குடத்தைத் தருவேன், அக்கா வாங்கிக்கொள்வார், குடம் கழுவிக் கவிழ்த்துத் திரும்பி வரும். ஒருமுறைகூட நான் கோயில் வரை போனதில்லை. அதை நான் குறையாக நினைக்கவே இல்லை. அக்கா என் வேலையைக் குறைக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

மகள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தாள். நான் பயப்படுகிற ஆள். பஸ் பத்து நிமிடம் தாமதமானாலே தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். படித்து முடித்து இவளைப் போலவே நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு வரத் தொடங்கினாள். ஐந்து பேருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான், அம்மா ஒரு பக்கம், அப்பா வேறு பக்கம். ஒருத்தியின் அம்மா கும்மிடிப்பூண்டி அகதி முகாமில் வளர்ந்தவர், அப்பா காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவர். இன்னொருத்திக்கு அப்பா தெலுங்கு, அவரை நைனா என்பாள். ஒருத்தியின் அம்மா வீட்டில் உருது. ஒருத்தியின் அப்பா ஒடிசாவிலிருந்து இரும்பு உருக்க வந்து இங்கேயே நின்றுவிட்டவர். ஐந்து பேரும் சேர்ந்து ஒரு கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் தங்களுக்கு வந்து சேர்ந்தது என்ன என்று ஆளுக்கு ஒன்று செய்து வைப்பார்களாம். சென்னையில் வைக்க மாட்டார்களாம். இங்கேயேதான்.

அவர்கள் வந்தால் வீடு சந்தையாகிவிடும். ஒரு நாள் பூசை அலமாரியைப் பார்த்துவிட்டு மீனவர் மகள் சொன்னாள்: "ஆண்ட்டி, உங்க ஊட்ல மாதாவும் கீறாங்க, அம்மனும் கீறாங்க. எக்ஸாம் டைம்ல எவ்ளோ வசதியா இருந்திருக்கும்."

"எங்க வசதி?" என்றாள் என் மகள். "இவங்க பாத்துக்குவாங்கன்னு அவங்க உட்டுட்டாங்க, அவங்க பாத்துக்குவாங்கன்னு இவங்க உட்டுட்டாங்க. அதான் மூணு அரியர்."

சிரித்தேன். ஆனால் அவர்கள் போனதும் மகளிடம் கெஞ்சினேன். பூவை வரை, மலையை வரை, இதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டுமா, காலம் கெட்டுக் கிடக்கிறது என்றேன். அவள் என் தோளில் கையைப் போட்டு, "மா, ஒரு ஹெல்ப் பண்ணு. கூழ் செஞ்சி தா. ஆடிக்குச் செய்ற மாதிரியே. அதே குடத்துல" என்றாள்.

எனக்குக் காலே தரையில் பாவவில்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்கத்தான் கேட்கிறாள், அதுதான் அவள் வைக்கப்போகும் பொருள் என்று நானே முடிவு கட்டினேன். ஆடி பிறக்க இன்னும் சில நாள்தான் இருந்தது. என் கையால் செய்த கூழை எல்லாச் சனமும் வாங்கிக் குடிக்கும். அதைப் பார்க்க ஆள் வேண்டாமா? நானே அக்காவுக்குப் போன் போட்டேன். உங்கள் பெண் கண்காட்சி வைக்கிறாள், கட்டாயம் வர வேண்டும் என்றேன். உங்கள் பெண் என்ற வார்த்தையை வேண்டுமென்றேதான் போட்டேன். அக்கா வருகிறேன் என்றார்.

கண்காட்சி நடந்த இடம் புதுவாயலைத் தாண்டி, கும்மிடிப்பூண்டி போகும் வழியில் மூடிக் கிடந்த ஒரு கம்பெனி ஷெட். முன்பு போல்ட்டும் நட்டும் செய்துகொண்டிருந்தார்கள். சுவரில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. லாரிகள் போகும்போதெல்லாம் கூரைத் தகடு அதிர்ந்தது. பெரியபாளையம், அதை ஒட்டிய ஆரணி வழியாக வரும்போது வழிநெடுகக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் துணியால் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் என் கணவரைத் திட்டினேன்.

உள்ளே நுழைந்ததும் கூரையிலிருந்து பெரிய மீன்வலை ஒன்று தொங்கியது. பாதி அம்மா ஊர் முடிச்சு, பாதி அப்பா ஊர் முடிச்சு, நடுவில் தையல். அந்தப் பக்கம் இரண்டு ஸ்பீக்கர். ஒன்றில் ஒரு பெண் தமிழில் சாப்பிடக் கூப்பிடுகிறாள், மற்றொன்றில் ஓர் ஆண் தெலுங்கில் கூப்பிடுகிறார். வந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு சுவர் முழுக்கத் தட்டுகள். உருதுக்காரப் பெண் தன் இரண்டு வீட்டுக் காலை நாஷ்டாவையும் தட்டுகளில் வரைந்திருந்தாள். பக்கத்தில் ஒடிசாக்காரர் மகள் அப்பாவின் உலைக் கையுறையில் அம்மா போடும் கோலத்தைத் தைத்திருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. என் பயம் கொஞ்சம் குறைந்தது.

கடைசியில் என் மகளின் இடம். அங்கே ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. மாட்டுக்குக் கழுநீர் காட்டும் தொட்டி. புதுவாயலில் கிணற்று உறை வார்க்கிற இடத்தில் சொல்லிச் செய்தாளாம். பக்கத்தில் டம்ளரும் இல்லை, சொம்பும் இல்லை. எதில் ஊற்றிக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டேன்.

"குடு மா. நான் பாத்துக்குறேன்."

என் கையிலிருந்து குடத்தை வாங்கினாள். துணியை அவிழ்த்தாள். தொட்டிக்குள் ஊற்றினாள்.

கூழ் விழும் சத்தம் கனமாக இருந்தது. ஏய், என்ன செய்கிறாய், அது சனங்களுக்கு என்று நான் பதறினேன். அவள் நிறுத்தவில்லை. குடம் காலியானதும் ஷெட்டுக்கு வெளியே இருந்த குழாய்க்குக் கொண்டுபோய்க் கழுவினாள். திரும்பி வந்து தொட்டியின் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள். வேப்பிலையைப் பக்கத்தில் போட்டாள். கவிழ்த்த குடத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

அந்தக் குடம் அப்படிக் கவிழ்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. கழுவிய குடம் என்றால் வீட்டிலேயே கழுவியிருக்கிறார்கள். கோயிலில் ஊற்றிவிட்டு வந்த குடங்களை யாரும் அப்போதைக்கு அப்போதே கழுவ மாட்டார்கள், வேப்பிலையும் மஞ்சளுமாகத் தெருத் திண்ணையிலேயே கிடக்கும். எத்தனை ஆடிக்கு, மாலையில் வண்டியில் திரும்பும்போது அதைப் பார்த்திருக்கிறேன்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. நான் பாத்தேன். நாலாவது படிக்கும்போது. பெரிம்மா மாட்டுத் தொட்டில ஊத்துனாங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தியே மா."

அப்போது உடனே நினைவுக்கு வந்தது அவமானமோ கோபமோ இல்லை. அக்கா வந்துகொண்டிருக்கிறார் என்பதுதான். நான்தான் கூப்பிட்டேன். தொட்டியைத் துணி போட்டு மூடச் சொன்னேன். இன்று ஒரு நாள், ஒரு மணி நேரம், அக்கா பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும். மகள் முடியாது என்று தலையசைத்தாள். பெரியம்மா வரப்போவது அவளுக்குத் தெரியாதாம். நான் ஒருத்தி யாரிடமும் கேட்காமல் அழைத்துவிட்டேன். வாசலில் போய் அவரை நிறுத்திவிடலாம் என்று ஓடினேன். அதற்குள் அக்காவின் மகன் வேறு வாசலில் அவரைக் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விட்டிருந்தான். நான் திரும்பி வந்தபோது அக்கா பட்டுப்புடவையில், தொட்டி முன்னால் நின்றிருந்தார்.

"இன்னாடி இது, எங்க ஊட்டுத் தொட்டி மாதிரியே கீது" என்று சிரித்தபடி சொன்னார். பிறகு குடத்தைப் பார்த்தார். குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். சிரிப்பு நிற்க ஒரு நொடி ஆனது.

மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். "நீ பாத்தியா?"

"பாத்தேன் பெரிம்மா."

அக்கா தொட்டி விளிம்பில் கையை வைத்துக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இன்னாடி பண்ணியிருக்கணும்? அண்டால ஊத்தியிருந்தா அண்டாவயே கவுத்திருப்பாங்க. உன் கைலயே திருப்பிக் குடுத்திருந்தா நல்லாயிருந்திருக்குமா? சொல்லு. நல்லாயிருந்திருக்குமா?"

கேட்டபடியே அக்கா அழ ஆரம்பித்தார். என் கணவர் வலையைப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பி நின்றார். சுற்றி நின்றவர்கள் இதுவும் கண்காட்சியில் ஒரு பகுதி, நாங்கள் நடிக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள் போல. ஓர் இளைஞன் போனைத் தூக்கிப் பிடித்திருந்தான். அக்கா அழுது முடித்ததும் யாரோ கை தட்டினார்கள்.

வீடு திரும்பும் வழியில் கணவரிடம் கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. "தெரியும்னும் சொல்ல முடியாது. தெரியாதுன்னும் சொல்ல முடியாது" என்றார். எனக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. காலியான குடம் இப்போது மடியில் இல்லை, அது அங்கேயே இருக்கிறது. ஆனாலும் கைகளை மடியில் குடத்தைப் பிடிப்பதுபோலவே வைத்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி நடந்த நாள்களில் தினமும் காலையில் கூழ் வேண்டும் என்றாள். முதல் நாள் கூழ் புளித்துப் பொங்கிவிடும், மாற்ற வேண்டும். நான் செய்து வேறு குடத்தில் கொடுத்தேன். முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று யோசித்தால், கூழ் கேட்டால் செய்துகொடுத்தே என் கைக்குப் பழகிவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை. தொட்டிக்குப் போகிறது என்று தெரிந்தே ஒரு கூழைக் கட்டி தட்டாமல் கிளறுவது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த இளைஞன் எடுத்த வீடியோ ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. யார் அனுப்பினார்கள் என்று தெரியாது. ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள், குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அக்காவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. நான் பயந்தது வேறு மாதிரி. என் மகளை அடிக்க வருவார்கள், கண்காட்சியை உடைப்பார்கள், கேஸ் போடுவார்கள் என்றெல்லாம் நினைத்து, ஷெட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. ஊருக்கு என் மகள் மேல் கோபமே இல்லை. அவர்கள் கேட்டது வேறு கேள்வி. குடம் வருடா வருடம் ஊருக்குள் வந்திருக்கிறது. எல்லா வருடமும் தொட்டிக்குத்தான் போனது என்று என்ன நிச்சயம்?

என் கணவரின் அண்ணன் திருவிழாக் கமிட்டியில் இருப்பவர். அவரால் அந்தக் கேள்விக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியவில்லை. ஆடி முதல் வெள்ளிக்கிழமை அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போய், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஒரு துளிகூட அண்டாவில் விழவில்லை என்று.

அக்கா சத்தியம் செய்தார். அன்று மாலை எனக்குப் போன் வந்தது.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்டி."

எனக்கு விளங்கவில்லை. என்ன பொய் என்று கேட்டேன்.

"மாட்ட வித்துட்ட வருசம் தொட்டி காஞ்சி கெடந்துச்சி. எங்க ஊத்தறது? தூக்கிக்கினு போயி அண்டால ஊத்திட்டேன். ஒண்ணும் ஆவல. பூசாரி ரெண்டு சொம்பு வாங்கிக் குடிச்சான். அப்பறம் இன்னொரு வருசம் ஊத்தனேன். மாடு இருந்துச்சி, ஆனா நொய்யி கொழைய வெந்து அவ்ளோ நல்லா வந்திருந்துச்சி உன் கூழு. கொட்ட மனசு வரல. அதுக்கப்பறமும் ஒண்ணு ரெண்டு வருசம். எது எதுன்னு ஞாபகம் இல்ல."

பூசாரி இரண்டு சொம்பு குடித்தார் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவும் அந்தப் பக்கம் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் அந்தச் சத்தம் மாறிவிட்டது. அவர் மருமகள் மாசமாக இருக்கிறாள். பொய்ச் சத்தியம் வயிற்றுப் பிள்ளையைப் பிடிக்கும் என்று அக்காவுக்கு நம்பிக்கை. "உன் பொண்ணு தொட்டின்னு சொன்னா இல்ல, அது அப்படியே இருக்கட்டும். மாத்திச் சொல்லிடப் போறா. அந்தத் தொட்டிதான் இப்ப எனக்கு சாட்சி" என்றார்.

ஞாயிறு பூசையில் மாதா முன்னால் மண்டியிட்டேன். அம்மன் முன்னால் செய்த பொய்ச் சத்தியத்துக்கு இங்கே மன்னிப்புக் கேட்டால் செல்லுமா என்று தெரியவில்லை. அங்கே போய்க் கேட்கலாம் என்றால் அந்தக் கோயில் வரைக்கும் நான் போனதே இல்லை. கேட்காமலே எழுந்து வந்தேன். அக்கா வீட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தாலே மருமகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் போனை எடுக்கிறேன். இன்னும் குழந்தை பிறக்கவில்லை. நாள் இருக்கிறது.

இதற்கிடையே சென்னையிலிருந்து மகளுக்கு அழைப்பு வந்தது. பெரிய ஆர்ட் கேலரியாம். ஐந்து பேருடைய பொருள்களையும் அங்கே வைக்க ஆசைப்படுகிறார்கள், முக்கியமாகத் தொட்டியை. ஐந்து பேரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் குதித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். நான் எல்லோருக்கும் பஜ்ஜி போட்டேன்.

அவர்கள் போன பிறகு மகள் சமையலறைக்கு வந்தாள். மேடைமேல் ஏறி உட்கார்ந்தாள். சென்னையிலும் தினம் கூழ் வேண்டும், எப்படிக் கொண்டுபோவது, விடிகாலை ரயிலில் குடத்தோடு ஏற விடுவார்களா என்று பேசிக்கொண்டே போனாள். தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையில் இரண்டு வரி எழுதியிருக்கிறாள், படிக்கட்டுமா என்றாள். என் அம்மாவின் கூழ் ஒரு முறைகூட அண்டாவில் விழவில்லை என்று அதில் இருந்தது.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். அக்கா கேட்டுக்கொண்டதும் அதுதானே. ஆனால் அந்த வரியை என் மகள் ஊர் முழுக்கப் படிக்க எழுதி வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. அது பொய் என்பதற்காக மட்டும் இல்லை. சில வருடங்கள் விழுந்திருக்கிறதே. என் கூழ். அவளுக்கும் அது தெரிய வேண்டாமா? மாடு விற்ற வருடத்தில் தொடங்கி, அக்கா போனில் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். கற்பூரம் அணைத்ததையும் சொன்னேன்.

அவள் மேடையிலிருந்து இறங்கவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்த எந்த வருசம்?"

"அவங்களுக்கே ஞாபகம் இல்லயாம்."

"அப்ப நான் பாத்தது?"

"நீ பாத்தது நெஜம்தான். நீ பாக்காததும் இருக்குது."

உண்மையை எழுதினால் அக்கா ஊருக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவராகிவிடுவார். எழுதாமல் இதையே வைத்தால் இவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். நான் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை, அவளே கணக்குப் போட்டுவிட்டாள். "ஏன் மா எங்கிட்ட சொன்ன" என்று கேட்டாள். அதட்டிக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் கேட்பதுபோலக் கேட்டாள்.

பஜ்ஜி போட்ட எண்ணெயை வடிகட்டினேன்.

மறுநாள் அவள் சென்னைக்குப் போன் செய்தாள். கூடத்தில்தான் பேசினாள். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். தொட்டி விரிசல் விட்டுவிட்டது, தூக்கினால் உடைந்துவிடும், மற்ற நான்கு பேருடையதையும் எடுத்துக்கொள்ளுங்கள், தன்னுடையது வராது என்றாள். வேறு செய்ய முடியுமா என்று கேட்டிருப்பார்கள். இப்போதைக்கு முடியாது என்றாள். குரல் தடுமாறவில்லை. எந்த இடத்தில் விரிசல் என்று கேட்டதற்கு அடிப்பக்கம், மூலையில் என்று உடனே பதில் சொன்னாள்.

தோழிகளிடமும் அதையேதான் சொன்னாள். தொட்டியைப் பார்க்க ஷெட்டுக்குப் போகலாம் என்று மீனவர் மகள் கேட்டபோது, ஷெட் காவலாளி தன் எருமைகளுக்குக் கேட்டார், கொடுத்துவிட்டேன் என்றாள். உண்மையாகவே கொடுத்துவிட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம். என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டாள், ஆண்ட்டி, அவளுக்கு என்ன ஆச்சு என்று. விரிசல் விட்டுவிட்டதாம் என்றேன்.

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து மகள் பேசினாள். கண்காட்சிக்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசுவது அதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் இருந்தேன். அதிகம் பேசவில்லை. தொட்டி போய்விட்டது, இனிமேல் யாரும் பார்க்க மாட்டார்கள், நான் பார்த்தது மட்டும்தான் நடந்தது பெரியம்மா, யார் கேட்டாலும் அதையே சொல்வேன் என்றாள். அந்தப் பக்கம் அக்கா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மகள் போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போனாள்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"நீ எங்க ஊட்டுப் பொண்ணுடின்னாங்க."

இந்த ஆடியில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. கூழ் ஞாயிறு அன்று மாவு கரைக்காமல் இருந்தேன். குடம் ஷெட்டிலிருந்து வந்தபடியே சமையலறை மேடையில் கவிழ்ந்து இருக்கிறது. அதை நிமிர்த்தி வைக்கலாம் என்று பல தடவை கை போனது. நிமிர்த்தினால் எதையாவது ஊற்ற வேண்டும்.